80-க்கு வந்தவரை 443-க்கு அனுப்பு: ஜான் போஸ்டெல் கதை

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய ஈவென்ட் பக்கங்களை எல்லாம் ஆர்க்கைவ் என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, பழைய லிங்க்கில் வருபவர்களைப் புது இடத்துக்கு அனுப்ப அப்பாச்சி கான்ஃபிகரேஷனில் ஒரே ஒரு ரீரைட் ரூல் எழுதினேன். ராத்திரி ஒன்றரை மணி. சேவ் பண்ணிவிட்டு பிரவுசரைத் திறந்தால் பக்கம் வரவில்லை. ரீடைரக்ட் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எரர்.

காரணம் ரொம்பச் சின்னது. பாதை ஈவென்ட்ஸ் என்று ஆரம்பித்தால் மட்டும் பிடி என்று சொல்ல, பேட்டர்னின் முன்னால் ஒரு கேரட் குறி போட வேண்டும். அதை விட்டுவிட்டேன். அதனால் ஈவென்ட்ஸ் என்ற சொல் எங்கே வந்தாலும் ரூல் பிடித்துக்கொண்டது. ஆர்க்கைவுக்குள் இருக்கும் புதுப் பாதையிலும் அதே சொல் இருக்கிறதே! புது வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் புது வீட்டுக்குப் போங்க என்று திரும்பத் திரும்பச் சொன்ன கதை. 20 தடவை சுற்றிவிட்டு பிரவுசர் கையை விரித்துவிட்டது.

சரி என்று ரூலைத் திருத்தினேன். அப்பவும் என் லேப்டாப்பில் அதே எரர். ஏன்னா நான் போட்டது 301. நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். பிரவுசர் என் பேச்சை நம்பி அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டது. நான் தப்பைத் திருத்திய விஷயமே அதற்குத் தெரியாது, ஏன்னா அது சர்வரைக் கேட்கவே இல்லை.

இந்த 301 என்ற மூணு இலக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான், நீளத் தாடியும் காலில் செருப்புமாக ஒரு மனிதர் எதிர்ப்பட்டார். பெயர் ஜொனாதன் புரூஸ் போஸ்டெல். எல்லாருக்கும் ஜான்.

முதலில் ஒரு கடைத்தெரு

அவர் கதைக்குள் போறதுக்கு முன்னாடி, ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

ஒரு கடை எதிர்த் தெருவுக்கு இடம் மாறிவிட்டது. பழைய ஷட்டரில் புது முகவரியைப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போகிறார் கடைக்காரர். அதுதான் 301. அடுத்த தடவை நீங்கள் பழைய கடைப் பக்கமே போக மாட்டீர்கள். கடைக்குள் வெள்ளையடிக்கிறார்கள், ரெண்டு நாளைக்குப் பக்கத்துக் கடையில் வியாபாரம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் அது 302. அடுத்த வாரம் பழைய கடைக்கே வருவீர்கள்.

மூன்றாவது, உள்ளுக்குள் நடக்கும் ரீரைட். கவுன்ட்டரில் நின்று ஒரு கிலோ பருப்பு கேட்கிறீர்கள். கடைப் பையன் பின்பக்க குடோனுக்கு ஓடி எடுத்து வந்து தருகிறான். எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒரு எழுத்துகூட மாறாது. சுருக்கமாகச் சொன்னால், ரீடைரக்ட் என்றால் வாடிக்கையாளர் நடக்கிறார். ரீரைட் என்றால் கடைப் பையன் ஓடுகிறான்.

இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வலை பிறப்பதற்கு வருஷக் கணக்கில் முன்னாலேயே போஸ்டெல் எழுதிவைத்த ஆவணங்களில் இது இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

1943 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவில் பிறந்தவர் போஸ்டெல். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இருக்கும் வேன் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதே பள்ளியில் படித்த இன்னும் இருவர் விண்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர். மூவருமே பின்னாளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், லெனர்ட் க்ளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில், பட்டதாரி மாணவர்களாகச் சேர்ந்து வேலை பார்த்தார்கள். நம்மைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், அவ்வளவுதான்.

1969-இல் அந்தக் கூடத்துக்குத்தான் ஆர்ப்பாநெட்டின் முதல் கணு வந்தது. அக்டோபர் 29 அன்று அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. இரண்டு எழுத்து போவதற்குள் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத கதை ஒன்று உண்டு. இரண்டு கம்ப்யூட்டர்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று யாராவது எழுதிவைக்க வேண்டுமே? மாணவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் யாராவது வந்து, இதைச் சொல்ல நீங்கள் யார் என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கத்தில், க்ராக்கர் அந்தக் குறிப்புகளுக்குக் கருத்துக் கேட்கும் கோரிக்கை என்று பணிவாகப் பெயர் வைத்தார். அதுதான் ஆர்எஃப்சி. 1969 ஏப்ரலில் முதல் குறிப்பு வந்தது. அந்தக் குறிப்புகளைச் சேர்த்து, திருத்தி, எண் போட்டு வெளியிடும் பொறுப்பு சீக்கிரமே போஸ்டெல் கைக்கு வந்தது. சாகும் வரை சுமார் 30 வருஷம் அவர்தான் ஆசிரியர். தானும் 200-க்கு மேற்பட்ட ஆர்எஃப்சிகளை எழுதினார் அல்லது சேர்ந்து எழுதினார்.

எழுத்து வேலையோடு எண் வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்தச் சேவைக்கு எந்த எண் என்று ஆளாளுக்கு வைத்துக்கொண்டால் குழப்பம்தானே? 1972 மே மாதம் 349-ஆம் ஆர்எஃப்சியில், இந்த எண்களை ஒதுக்க ஒருவர் வேண்டும், அது நானாகவே இருக்கலாமே என்று கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டுக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. தேர்தலும் இல்லை, சட்டமும் இல்லை. கல்யாண வீட்டில் மொய் நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவரிடமே எல்லாரும் போவது மாதிரி, எல்லாரும் அவரிடம் போனார்கள்.

1974-இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1977-இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற சக ஊழியருடன் சேர்ந்து ஒதுக்கப்பட்ட எண்களின் பட்டியலை அவ்வப்போது புதுப்பித்து வெளியிடுவார். மெயிலுக்கு 25. எஃப்டிபிக்கு 21. 1992-இல் வந்த பட்டியலில் வலைக்கு 80. 1994-இல் வந்ததில் பாதுகாப்பான வலைக்கு 443.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெப் சர்வர் பக்கம் போகும் எந்த மாணவரும் பெரும்பாலும் முதலில் எழுதும் ரூல் என்ன? 80-க்கு வந்தவரை 443-க்கு அனுப்பு. அந்த இரண்டு எண்ணும் இவர் நோட்டில் பதிந்தவை.

வழிகாட்டிப் பலகைகள்

1980-க்கும் 82-க்கும் நடுவில் போஸ்டெல் தொகுத்து எழுதிய ஆவணங்களின் பட்டியலைப் பார்த்தால் நம்ம நெட்வொர்க்ஸ் சிலபஸ் மாதிரியே இருக்கும். யூடிபி, ஐபி, ஐசிஎம்பி, டிசிபி, எஸ்எம்டிபி. டிசிபியின் அடிப்படை வடிவமைப்பு செர்ஃப், பாப் கான் இருவருடையது. ஆனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்து, அதைப் பார்த்தே ஒரு புரோகிராம் எழுதலாம் என்ற அளவுக்குச் சுத்தமாக அதை எழுத்தில் வடித்தவர் போஸ்டெல்.

1981-இல் வந்த ஐசிஎம்பி ஆவணத்தில் ரீடைரக்ட் என்ற பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. வகை எண் 5. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு ரவுட்டரிடம் பாக்கெட்டைக் கொடுக்கிறது. அந்த ரவுட்டருக்குத் தெரியும், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ரவுட்டர் வழியாகப் போனால் கிட்டம் என்று. அது என்ன செய்யும்? அடுத்த தடவை அங்கே கொடு என்று சொல்லி அனுப்பும். ஆனால் கையில் வாங்கிய பாக்கெட்டைத் தூக்கி எறியாது. அதைச் சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வழி சொல்லும். தப்பான இடத்துக்கு வந்தவரையும் வெறுங்கையோடு அனுப்பாத பண்பு.

1982 எஸ்எம்டிபி ஆவணம் இன்னும் சுவாரஸ்யம். மெயில் வந்திருக்கிறது, ஆனால் அந்த ஆள் இங்கே இல்லை. இரண்டு பதில் சொல்லலாம். 251 என்றால், அவர் இங்கே இல்லை, ஆனால் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். 551 என்றால், அவர் இங்கே இல்லை, இந்தப் புது முகவரியில் நீங்களே முயற்சி பண்ணுங்க. ஒன்றில் கடைப் பையன் ஓடுகிறான்; மற்றதில் வாடிக்கையாளர் நடக்கிறார். நாம் இன்றைக்கு ரீரைட், ரீடைரக்ட் என்று பிரித்துப் படிப்பதன் அண்ணன் தம்பி இவை.

மூணு இலக்கப் பதில் எண்ணுக்கும் வருவோம். எஃப்டிபியில் ஏற்கெனவே இருந்த பதில் எண்களை 1974-இல் திருத்தி ஒழுங்குபடுத்திய 640-ஆம் ஆர்எஃப்சி போஸ்டெல் எழுதியது. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே நிலவரம் புரிய வேண்டும் என்பது கணக்கு. 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் உன் பக்கம் இன்னும் ஒரு படி பாக்கி. 4 என்றால் இப்போ முடியல, அப்புறம் வா. 5 என்றால் முடியவே முடியாது. பின்னால் வலையை உருவாக்கியவர்கள் எச்டிடிபிக்கும் இதே பாணியை எடுத்துக்கொண்டார்கள். 4-இன் அர்த்தத்தைக் கேட்டவர் செய்த பிழை என்று மாற்றினார்கள். ஆனால் 3, கிட்டத்தட்ட அதே அர்த்தத்தோடு தங்கிவிட்டது. 301-இன் முதல் இலக்கம் சொல்வது அதைத்தான்: கதை முடியவில்லை, இன்னும் ஒரு அடி எடுத்து வை.

1996 மே மாதம் எச்டிடிபி 1.0 ஆர்எஃப்சியாக வந்தபோது, அதில் 301-உம் 302-உம் இருந்தன. வெளியிட்ட ஆசிரியர் யார் என்று சொல்லவே வேண்டாம். அதே வருஷம்தான் ரால்ஃப் எங்கல்ஷால் அப்பாச்சிக்கான ரீரைட் மாட்யூலை எழுதினார்.

வாங்கும்போது தாராளம், கொடுக்கும்போது கறார்

போஸ்டெல் பெயரால் ஒரு விதியே இருக்கிறது. ஐபி, டிசிபி ஆவணங்களில் அவர் எழுதிவைத்தது. அடுத்தவர் அனுப்புவது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் புரிந்துகொண்டு ஏற்றுக்கொள். நீ அனுப்புவது மட்டும் விதிப்படி பிசகில்லாமல் இருக்கட்டும். பிழைகள் திருத்தப்படாமலே தங்கிவிட இது இடம் கொடுக்கிறது என்று இன்றைக்குக் குறை சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்திராத நூற்றுக்கணக்கான பேர் எழுதிய புரோகிராம்கள் ஒன்றோடு ஒன்று பேச, இந்தப் பெருந்தன்மை இல்லாமல் முடிந்திருக்காது.

நல்ல ரீரைட் ரூல்களில் இந்த விதியை நேரடியாகப் பார்க்கலாம். முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டு வருகிறார்களா, போடாமல் வருகிறார்களா, கடைசியில் சாய்கோடு இருக்கிறதா, இல்லையா, எல்லாரையும் ஏற்றுக்கொள். ஆனால் 301 கொடுத்து ஒரே ஒரு முகவரிக்குக் கொண்டுபோய் நிறுத்து.

ஊரே வீடு மாறிய நாள்

ஒரு வெப்சைட்டை மாற்றவே நான் பட்ட பாடு மேலே சொன்னேன். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் மொத்தமும் என்சிபி என்ற பழைய நெறிமுறையை விட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. அதற்கான திட்டத்தை 1981 நவம்பரிலேயே 801-ஆம் ஆர்எஃப்சியாக எழுதிவைத்தவர் போஸ்டெல். ஒரு வருஷத்துக்கும் மேல் அவகாசம். நடுவில், மாறியவர்களும் மாறாதவர்களும் பேசிக்கொள்ள இரண்டு மொழியும் தெரிந்த இடைத்தரகர் கம்ப்யூட்டர்கள். தேதி வந்ததும் பழையது நின்றது. மைக்ரேஷன் என்றால் முதலில் பேப்பரில் எழுது, பழையவர்களுக்கு ஒரு வழி வை, பிறகுதான் சுவிட்சில் கை வை. ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அடுத்தது பெயர்கள். அதுவரை நெட்வொர்க்கில் இருந்த எல்லா கம்ப்யூட்டர் பெயரும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. எல்லாரும் அதை நகல் எடுத்துக்கொள்வார்கள். ஊர் பெரிதானதும் அது தாங்கவில்லை. போஸ்டெல் தன் நிறுவனத்திலேயே இருந்த பால் மொக்கபெட்ரிஸிடம் மாற்று வழி தேடச் சொன்னார். 1983 நவம்பரில் டிஎன்எஸ் பிறந்தது. நாடுகளுக்கு இரண்டெழுத்து டொமைன் என்று வந்தபோது, எது நாடு, எது நாடில்லை என்ற வம்புக்கே போகாமல், ஐஎஸ்ஓவின் 3166-ஆம் பட்டியலில் இருந்தால் உண்டு என்று முடித்துவிட்டார்கள். நம்ம டாட் இன் 1989 மே மாதம் பதிவானது.

1994-இல் எழுதிய 1591-ஆம் ஆர்எஃப்சியில் இந்த நிர்வாகத்தின் தர்மத்தைச் சொல்லிவைத்தார். ஒரு டொமைனை நடத்துபவர் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. மக்களுக்காக அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர். உரிமை பற்றிப் பேசுவதைவிடக் கடமை பற்றிப் பேசுவதே சரி. ஓய்வு கிடைத்தால் சியரா மலைகளில் முதுகுப் பையோடு நடக்கப் போய்விடும் அந்த மனிதருக்கு, சொத்து என்ற சொல்லே அவ்வளவாகப் பிடித்திருக்காது என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு தடவை

ஆனால் காலம் மாறியது. 1993 முதல் டாட் காம் பதிவு வேலை அமெரிக்க அரசு ஒப்பந்தத்தின் கீழ் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியிடம் இருந்தது. 1995-இல் ஒரு பெயருக்கு இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். பெயர்கள் பணமாகின. பெயர்ப் புத்தகத்தின் முதல் பக்கம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டை ஆரம்பித்தது.

அந்த முதல் பக்கத்தின் பெயர் ரூட். உலகத்தில் 13 ரூட் சர்வர்கள் இருந்தன. ஏ என்ற சர்வர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம். மற்ற 12-உம் அதிலிருந்து நகல் எடுக்கும். 1998 ஜனவரி 28 அன்று போஸ்டெல் அந்த 12 பேரில் எட்டுப் பேருக்கு ஒரு மெயில் அனுப்பினார். இனி நகலை ஏ-யிடம் எடுக்காதீர்கள், என் சர்வரிடம் எடுங்கள் என்று விஷயம். கான்ஃபிகரேஷனில் ஒரு ஐபி முகவரியை மாற்றும் வேலைதான். எட்டுப் பேரும் மாற்றினார்கள்.

இது நாம் எழுதும் யூஆர்எல் ரீடைரக்ட் இல்லை; அதைவிட இரண்டு மாடி கீழே, அஸ்திவாரத்தில் நடந்த ரீடைரக்ட். அவர் சர்வரில் இருந்ததும் அதே பட்டியல்தான் என்பதால், இணையத்தில் இருந்த ஒருவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் உலகத்தின் பெயர்ப் புத்தகம் இரண்டு பேரைப் பார்த்து நின்றது. மீதி நான்கு சர்வர்கள் மாறவில்லை. அவை ஏ-யிடமே இருந்தன.

வாஷிங்டன் அதிர்ந்தது. திரும்பப் பழையபடி மாற்றச் சொல்லி அரசின் மேல்மட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. போஸ்டெல் மாற்றிவிட்டார். அது ஒரு சோதனை என்று விளக்கம் சொன்னார். வெறும் சோதனையா, அரசுக்கும் கம்பெனிக்கும் சொன்ன பதிலா என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அமெரிக்க அரசு, பெயர்களையும் எண்களையும் யார் நிர்வகிப்பது என்பது பற்றித் தன் திட்டத்தை வெளியிட்டது.

என்னைப் பொறுத்தவரை அந்த நாளில் கவனிக்க வேண்டியது மெயிலை இல்லை, அந்த எட்டுப் பேரை. போஸ்டெலிடம் அவர்களைக் கட்டுப்படுத்த எந்த அதிகாரமும் இல்லை.  30 வருஷமாக இந்த ஆள் ஒரு எண்ணைக்கூடத் தனக்காக ஒதுக்கிக்கொண்டதில்லை என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அதே நம்பிக்கையை ஒருவர் தவறாகவும் பயன்படுத்தலாமே என்று அரசு பயந்ததிலும் தப்பில்லை. ஒரே மனிதரின் நல்ல குணத்தில் உலகத்தின் முகவரிப் புத்தகம் தொங்கக் கூடாது. அதற்காகவே ஐகேன் என்ற அமைப்பு 1998 செப்டம்பர் கடைசியில் பதிவானது. அதை அமைப்பதிலும் போஸ்டெல் முன்னால் நின்றார். தன் கையில் இருந்த நோட்டைத் தானே ஒரு பொது அமைப்புக்குக் கைமாற்றிவிட ஏற்பாடு செய்தார்.

அது நடந்து முடிவதைப் பார்க்க அவர் இல்லை. அக்டோபர் 16 அன்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். வயது 55. பள்ளிக்கூடத்து நண்பர் விண்ட் செர்ஃப் எழுதிய அஞ்சலி 2468-ஆம் ஆர்எஃப்சியாக வெளிவந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதற்கு எண் போட்டுக் கொடுத்தவருக்கு, கடைசியில் ஒரு எண்.

நம்ம கையில் இருக்கும் சாவி

ஐசிஎம்பி ரீடைரக்டை இன்றைக்குப் பல கம்ப்யூட்டர்களில் அணைத்தே வைக்கிறார்கள். யாரோ ஒரு திருடன் ரவுட்டர் மாதிரி நடித்து, இந்தப் பக்கம் வா என்று கூப்பிடலாம் என்பதால். வெப்சைட்டிலும் அதே கதைதான். கேட்பவர் கொடுத்த முகவரிக்கெல்லாம் யோசிக்காமல் திருப்பிவிடும் ரூல் இருந்தால், நம்ம காலேஜ் பெயரைக் காட்டி யாரை வேண்டுமானாலும் போலிப் பக்கத்துக்கு இழுக்கலாம். வழி காட்டுபவரை நம்பித்தான் நடக்கிறோம். அதனால்தான் இது வெறும் கான்ஃபிகரேஷன் வேலை இல்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். புது ரூல் என்றால் முதலில் 302 போட்டு, கர்ல் கமாண்டில் ஹெட்டரைப் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் 301. பேட்டர்னில் ஆரம்பக் குறியும் முடிவுக் குறியும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். சைட்டை மாற்றும் முன் பழைய முகவரிகளின் பட்டியலை எடுத்துவிடுகிறேன். ஏன்னா அந்த முகவரி ஏதோ ஒரு சீனியரின் ரெஸ்யூமில் இருக்கலாம். அவர் ஜெயித்த பேப்பர் பிரசன்டேஷனுக்கு அதுதான் ஒரே சாட்சியாக இருக்கலாம். நமக்கு அது ஒரு வரி ரூல். அவருக்கு இன்டர்வியூவில் திறக்க வேண்டிய கதவு.

இந்த வருஷம் சர்வர் பாஸ்வேர்ட் ஜூனியர் ஒருத்தர் கைக்குப் போகிறது. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் கொடுக்கிறேன். எந்தப் பழைய முகவரி எந்தப் புது முகவரிக்கு, எப்போது, ஏன் என்று வரிசையாக எழுதியது. ஃபைலுக்குப் பெயர் போஸ்டெல்.